ஜும்ஆ மஸ்ஜித் படிகளின் எதிரே: மௌலானா ஆஸாத் அடங்கியிருக்கும் இடம்

டெல்லிக்குப் போகும் நம் குடும்பங்கள் ஜும்ஆ மஸ்ஜிதைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ளுஹரோ அஸரோ ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு, கிழக்கு வாசல் படிக்கட்டில் சற்று நேரம் உட்கார்ந்து, எதிரே தெரியும் செங்கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, மீனா பஜாரில் தொப்பியும் அத்தரும் வாங்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் நடந்துவிடுவார்கள். அந்த வழியில், பஜாரை ஒட்டிய தோட்டத்துக்குள் ஒரு கப்ரு இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் உள்ளே போய் ஸலாம் சொல்லிவிட்டு வருபவர்கள் குறைவு.

சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அடங்கியிருக்கும் இடம் அது. பக்கங்கள் திறந்த, மெல்லிய வளைவாக எழும் வெள்ளை மண்டபம். ஜும்ஆ மஸ்ஜிதின் பெரிய வளைவை மனத்தில் வைத்து அதை வரைந்தவர் மத்திய பொதுப்பணித் துறையின் கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மான். முகலாய அரசர்களின் சமாதிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மிகவும் எளிமையாகத் தெரியும். குவிமாடம் இல்லை, சித்திர வேலை இல்லை. சுற்றிலும் செடிகள், நடைபாதை, அவ்வளவுதான்.

கப்ரின் மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்ற நபிமொழியை அறிந்தவர்களுக்கு இந்தப் பளிங்கும்கூட உறுத்தலாம். கட்டியது அரசாங்கம். அதன் கீழே இருப்பவரோ, பீர் பரம்பரையில் பிறந்து, தந்தையின் ஆயிரக்கணக்கான முரீதுகள் தன் கையை முத்தமிடக் காத்திருந்த வயதிலேயே அந்த வாரிசுரிமை வேண்டாமென்று விலகியவர். ஆஸாத் என்ற புனைபெயரை அவர் சூட்டிக்கொண்டதே பரம்பரையாக வந்த கட்டுகளிலிருந்து விடுபட்டதைச் சொல்வதற்காகத்தான்.

தந்தை மௌலானா கைருத்தீன் டெல்லியைச் சேர்ந்த ஆலிம். 1857 கிளர்ச்சியை ஒட்டிய காலத்தில் நாட்டை விட்டுப் போய் மக்காவில் குடியேறினார். மதீனாவின் ஆலிம் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். ஹாஜிகளுக்குத் தண்ணீர் தந்த ஸுபைதா கால்வாய் பழுதாகிக் கிடந்தபோது, இந்தியா, எகிப்து, சிரியா, துருக்கி என்று பல நாடுகளிலும் நிதி திரட்டிச் சீர்செய்தவர் அவர். ஆஸாத் 1888 நவம்பர் 11இல் மக்காவில்தான் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முஹ்யித்தீன் அஹ்மத். தந்தைக்குக் காலில் ஏற்பட்ட எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்க்கக் குடும்பம் கல்கத்தா வந்தது. சில மாதங்களில் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். முரீதுகள் விடவில்லை. வந்து ஓராண்டில் தாயாரும் வஃபாத்தாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். குடும்பம் இந்தியாவில் நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடம் போகாதவர் நாட்டின் கல்வி அமைச்சரானார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் வியப்பார்கள். ஆங்கிலக் கல்வி மார்க்கத்தைக் கெடுத்துவிடும் என்று தந்தை நம்பியதால் எல்லாப் பாடமும் வீட்டிலேயே நடந்தது. மற்றவர்கள் இருபது வயதைத் தாண்டி முடிக்கும் மத்ரஸா பாடத்திட்டத்தைப் பதினாறு வயதிற்குள் முடித்துவிட்டார். ஆங்கிலத்தைப் பிறகு தாமாகவே கற்றார். ஆங்கில பைபிளை எடுத்து, அதன் பார்சி, உருது மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாசித்தார். அகராதியின் துணையோடு செய்தித்தாள் படித்தார். அந்த வயதில் மார்க்க விஷயங்களில்கூட அவருக்குக் கடும் சந்தேகங்கள் எழுந்தன. சில ஆண்டுகள் நிம்மதியில்லாமல் அலைந்து, தாமே தேடி மீண்டும் ஈமானுக்கு வந்து சேர்ந்தார். தகப்பன் சொன்னதற்காக நம்பிய நம்பிக்கை இல்லை அது. பிற்காலத்தில் எத்தனை எதிர்ப்பு வந்தபோதும் அவர் அசையாமல் நின்றதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1912 ஜூலையில் கல்கத்தாவில் அவர் தொடங்கிய அல் ஹிலால் வார இதழ், உருதுப் பத்திரிகை உலகம் அதுவரை பார்க்காத ஒன்று. அச்சும் படங்களும் புதுமை. எழுத்தோ நெருப்பு. வெள்ளையர் ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பதே முஸ்லிம்களுக்குப் பாதுகாப்பு என்று பெரிய மனிதர்கள் போதித்துக்கொண்டிருந்த காலம். அடிமைத்தனத்தை ஏற்றுக்கொள்வது மார்க்கத்துக்கே ஒவ்வாது என்று குர்ஆன் வசனங்களை எடுத்துக்காட்டி அந்த இருபத்து நான்கு வயது இளைஞர் எழுதினார். இரண்டே ஆண்டுகளில் வாரம் 26,000 பிரதிகள் விற்றன. அரசு ஜாமீன் தொகை கேட்டது, பறிமுதல் செய்தது. 1914இல் இதழ் நின்றது. அல் பலாக் என்று வேறு பெயரில் தொடங்கினார். 1916இல் வங்காளத்தை விட்டே வெளியேற்றினார்கள். ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டு, 1919 முடியும்வரை அங்கேயே இருந்தார். சும்மா இருக்கவில்லை. அந்த ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் செய்தார். ஒரு மத்ரஸாவும் எழுப்பினார்.

ராஞ்சி நாட்களில் நடந்த ஒன்றை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1918 டிசம்பரில் ஓர் இரவு. இஷா தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வீடு திரும்பும்போது போர்வை போர்த்திய ஒருவர் பின்னால் வருவது தெரிந்தது. யாரென்று கேட்டார். கந்தஹாரிலிருந்து வருகிறேன் என்றார் அவர். ஏழை. குவெட்டா வரை நடந்தே வந்து, அங்கே சில வியாபாரிகளுக்கு ஊழியம் செய்து அவர்களோடு ஆக்ரா சேர்ந்து, ஆக்ராவிலிருந்து மீண்டும் நடந்து ராஞ்சி வந்திருக்கிறார். எதற்காக? அல் ஹிலால் படித்தவர். குர்ஆனில் சில இடங்களை மௌலானாவிடம் நேரில் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும். சில நாட்கள் தங்கினார், கேட்டார், பிறகு ஒருநாள் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். விடைபெற்றால் வழிச்செலவுக்குப் பணம் கொடுத்துவிடுவாரோ என்ற கூச்சம்தான் காரணமாக இருக்கும் என்று மௌலானா கருதினார். அவருடைய பெயர்கூட நினைவில் நிற்கவில்லை. ஆனாலும் தம் வாழ்நாளின் பெரும் உழைப்பான தர்ஜுமானுல் குர்ஆன் என்ற விரிவுரையை அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கே காணிக்கையாக்கினார். மன்னர்களுக்கும் நவாபுகளுக்கும் நூல்களைச் சமர்ப்பித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அந்த விரிவுரை பட்ட பாடு தனிக் கதை. கைது செய்ய வரும்போதெல்லாம் காவல்துறை காகிதங்களையும் அள்ளிக்கொண்டு போனது. திரும்பக் கிடைத்தபோது கையெழுத்துப் பிரதி சிதைந்து கிடந்தது. மறுபடி உட்கார்ந்து எழுதினார். முதல் பாகம் 1930களின் தொடக்கத்தில் வந்தது, இரண்டாவது 1936இல். அல் முஃமினூன் அத்தியாயத்தோடு நின்றது. மூன்றாவது பாகம் வரவே இல்லை. அரசியல் அந்த ஆலிமை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று வருந்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு.

காந்தியடிகளை 1920 ஜனவரியில் சந்தித்தார். கிலாஃபத், ஒத்துழையாமை இயக்கங்கள், சிறை. 1923இல் டெல்லியில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாட்டுக்கு 34 வயதில் தலைவரானார். 1940 மார்ச்சில் ராம்கரில் மீண்டும் தலைவரானார். நான் முஸ்லிம், அந்தப் பதின்மூன்று நூற்றாண்டுச் செல்வத்தில் ஒரு துளியையும் இழக்கச் சம்மதியேன், அதேபோல் இந்த நாட்டின் பிரிக்க முடியாத அங்கம் என்பதையும் விடமாட்டேன் என்ற கருத்தை அங்கே நிறுவிப் பேசினார். சில நாட்களிலேயே லாகூரில் முஸ்லிம் லீக் தனிநாட்டுத் தீர்மானம் போட்டது. சமுதாயத்தின் பெருங்கூட்டம் ஜின்னா பக்கம் போனது. காங்கிரஸ் காட்சிக்கு வைத்திருக்கும் ஆள் என்று ஜின்னா இவரை ஏளனம் செய்தார். அலிகர் ரயில் நிலையத்தில் மாணவர்கள் ரயிலைச் சூழ்ந்து இழிவுபடுத்தினார்கள். சொந்த மக்களிடம் அவர் பட்ட அவமானங்களில் அதுவே மிகவும் கசப்பானது. பின்னாளில் அமைச்சரானபோது, தடுமாறி நின்ற அதே அலிகர் பல்கலைக்கழகத்தை அவர் கைவிடவில்லை. 1948இல் ஜாகிர் ஹுசைன் அங்கே துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு பட்டமளிப்பு விழாவில் மௌலானாவே போய் மாணவர்களிடம் உரையாற்றினார்.

1942 ஆகஸ்ட் 9 அதிகாலை, வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய மறுநாள், பம்பாயில் கைதாகி அஹ்மத்நகர் கோட்டையில் அடைக்கப்பட்டார். நேரு, பட்டேல் எல்லாரும் உடன் இருந்தார்கள். விடியலுக்கு முன்பே எழுந்து, பால் கலக்காத சீனத் தேயிலையைத் தாமே கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டு, தம் நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷர்வானிக்குக் கடிதம் எழுதுவார். அனுப்ப முடியாத கடிதங்கள். அறைக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளோடு அவர் போட்ட சண்டையும் பிறகு வந்த சமாதானமும்கூட அதில் இருக்கின்றன. விடுதலைக்குப் பின் குபாரே காத்திர் என்ற பெயரில் அவை நூலாயின.

மனைவி ஸுலைகா பேகம் கல்கத்தாவில் நோயாளியாக இருந்தார். 1943இல் நிலைமை மோசமானது. விரும்பினால் அரசுக்கு வேண்டுகோள் அனுப்பலாம், உடனே மேலிடத்துக்குச் சேர்ப்பிக்கிறேன் என்று சிறை அதிகாரி சொன்னார். அந்த அரசிடம் எதையும் கேட்பதில்லை என்று மறுத்துவிட்டார். நேரு வந்து பேசிப் பார்த்தும் பயனில்லை. ஏப்ரல் 9இல் அந்த அம்மையார் காலமானார். செய்தி தந்தியில் வந்தது. சில மாதங்களில் போபாலில் இருந்த சகோதரியும் போய்ச் சேர்ந்தார். கேட்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால், அவர் கேட்டிருக்கத்தான் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். கணவர் சிறையில் கழித்த ஆண்டுகளையெல்லாம் தனியே சுமந்தவர் ஸுலைகா பேகம். அவரைப் பற்றி நம் மேடைகளில் ஒரு வார்த்தை பேசப்படுவதில்லை.

அந்தக் கோட்டை வளாகத்துக்குள் யாருடையதென்று தெரியாத ஒரு பழைய கப்ரு இருந்தது. மாதக்கணக்கில் அவர் பார்வையில் பட்டுக்கொண்டிருந்ததுதான். மனைவியின் மவ்த்துச் செய்தி வந்த பிறகு அதன்மேல் புதிதாக ஓர் ஒட்டுதல் வந்துவிட்டதாக அந்தக் கடிதங்களில் ஒன்றில் எழுதுகிறார்.

1945 ஜூனில் விடுதலையாகி ஹௌரா வந்து இறங்கியபோது, ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. கார் முழுக்க மாலைகள். மூன்றாண்டுகளுக்கு முன் பம்பாய் புறப்பட்டபோது வீட்டு வாசல்வரை வந்து வழியனுப்பியவர் இப்போது அங்கே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் காரைத் திருப்பச் சொல்லி, முதலில் மனைவியின் அடக்கஸ்தலத்துக்குப் போனார். காரில் கிடந்த மாலை ஒன்றை எடுத்து வைத்து, மௌனமாக ஃபாத்திஹா ஓதினார். பிறகுதான் வீடு.

பிரிவினையைத் தடுக்க அவர் எடுத்த முயற்சிகளை இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை. அமைச்சரவைத் தூதுக்குழுவோடு 1946இல் நடந்த பேச்சில், மாகாணங்களுக்குப் பெருமளவு அதிகாரம் கொடுத்து நாட்டை ஒன்றாக வைத்திருக்கலாம் என்பதே அவர் நம்பிய வழி. லீக் ஏற்று, காங்கிரஸ் ஏற்று, பிறகு எல்லாம் குலைந்தது. நேருவும் பட்டேலும் பிரிவினைக்குச் சம்மதித்த பின்னும் அவர் மனம் ஒப்பவில்லை.

1947 செப்டம்பரில் டெல்லி எரிந்தது. வீடிழந்த முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் சமாதி வளாகத்திலும் திறந்தவெளியில் கிடந்தார்கள். பாகிஸ்தான் போகும் ரயில்களுக்குக் காத்திருந்த கூட்டம் அது. அரசர்களின் சமாதித் தோட்டங்கள் அகதி முகாம்களாயின. மௌலானா தம் அரசாங்க வீட்டையே பலருக்குத் திறந்துவிட்டு, தோட்டத்தில் கூடாரம் போட்டுக் கொடுத்தார்.

அந்த அக்டோபரில் ஜும்ஆ மஸ்ஜிதில் அவர் ஆற்றிய உரை, உருது தெரிந்த வீடுகளில் இன்றுவரை ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ முறை அழைத்தும் திரும்பிப் பார்க்காத மக்கள்தான் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். வேதனையை மறைக்கவில்லை. பிறகு குரல் மாறியது. பயந்து ஓடுவது ஹிஜ்ரத் ஆகாது என்று விளக்கினார். இந்த நகரத்தைக் கட்டியவர்கள் உங்கள் முன்னோர், இதைவிட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பெட்டி படுக்கையைக் கட்டிவிட்டு வந்தவர்கள் பலர் அன்று வீட்டுக்குத் திரும்பி மூட்டையை அவிழ்த்ததாகப் பழைய டெல்லிக்காரர்கள் சொல்வார்கள். எல்லாரும் நின்றுவிடவில்லை. நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்தப் படிகளைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள்.

தெற்கே நம் கதை வேறு. அந்த ஆண்டு டிசம்பரில் லக்னோவில் கூட்டிய மாநாட்டில், இனி முஸ்லிம்களுக்கென்று தனி அரசியல் கட்சி வேண்டாம் என்பதே மௌலானாவின் ஆலோசனை. மூன்று மாதத்தில், 1948 மார்ச்சில், சென்னையில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடங்கினார். நம் பெரியவர்களில் பலரும் மௌலானாவின் அந்த யோசனையை ஏற்கவில்லை. இந்த மண்ணைவிட்டு அசையமாட்டோம் என்பதில் மட்டும் இருவருக்கும் வேறுபாடு இருக்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே மூச்சில் பாராட்டிவிட்டுப் போவது மேடைக்குச் சௌகரியம். ஆனால் அவர்கள் கருத்து மோதிய இடத்தை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அமைச்சராகப் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தார். கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. 1951இல் அவர் கையால் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 1953இல். சாகித்ய அகாதமி, சங்கீத நாடக அகாதமி, லலித் கலா அகாதமி மூன்றும் அவர் காலத்தவை. அந்த மூன்று அகாதமிகளுக்கும் டெல்லியில் எழுந்த ரவீந்திர பவனையும் வடிவமைத்தவர் ஹபீப் ரஹ்மான்தான்.

1958 பிப்ரவரியில் பக்கவாதம் தாக்கியது. 22ஆம் தேதி விடியுமுன் வஃபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவில் டெல்லியே திரண்டது. அடக்கம் செய்யத் தேர்ந்த இடம், அவர் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட அதே மஸ்ஜிதின் பார்வையில், கோட்டைக்கும் அதற்கும் நடுவே. சற்றுத் தள்ளி, படிகளை ஒட்டி, ஔரங்கசீப் காலத்தில் தலை வெட்டப்பட்ட சர்மதின் அடக்கஸ்தலம். இளமையில் சர்மதைப் பற்றி ஆஸாத் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கிலாஃபத் நாட்களின் தோழர் மௌலானா ஷௌகத் அலியும் அதே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறார்.

கடைசி ஆண்டுகளில் ஹுமாயூன் கபீரிடம் உருதுவில் சொல்லி ஆங்கிலத்தில் எழுதவைத்த சுயசரிதை, இறந்த மறு ஆண்டு வெளிவந்தது. நண்பர் நேருவுக்கே அதைச் சமர்ப்பித்திருந்தார். சுமார் முப்பது பக்கங்களை மட்டும் முப்பது ஆண்டுகளுக்குத் திறக்கக்கூடாதென்று முத்திரையிட்டு வைக்கச் செய்தார். 1988இல் திறந்தபோது, பிரிவினைக்கு அந்த நண்பரின் தவறுகளும் காரணம் என்று அவர் கருதியது முன்னைவிட வெளிப்படையாகத் தெரிந்தது. பாரத ரத்னா 1992இல் வந்தது. பிறந்த நாளான நவம்பர் 11 தேசியக் கல்வி நாளாக 2008 முதல் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளில் அன்று பேச்சுப்போட்டி வைக்கிறார்கள்.

அங்கே போக விரும்பும் குடும்பங்கள் மெட்ரோவில் ஜாமா மஸ்ஜித் நிலையத்தில் இறங்கலாம். கிழக்கு வாசலின் படிகளில் நின்று செங்கோட்டையைப் பார்த்தபடி இறங்கி, மீனா பஜார் பக்கம் நடந்து தோட்டத்தைக் கேட்டால் காட்டுவார்கள். கூட்டமும் இரைச்சலும் மிகுந்த இடம், சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய சொந்த நூலகத்தைப் பார்க்க ஆசையிருந்தால், அது புதுடெல்லியில் கலாச்சார உறவுகள் கவுன்சிலின் ஆஸாத் பவனில் இருக்கிறது. ஸுலைகா பேகத்தின் கப்ரு கொல்கத்தாவில்.